மூடாத திரை

காலை வெயில் மேசையில் ஏறி மடிக்கணினியின் திரையை வெளுக்கிறது. ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தரும் டீச்சர் கையை நிழலாக்கி உற்றுப் பார்க்கிறாள். அவளுடைய ஆன்லைன் வகுப்புத் தொழிலில் கூட்டாளியாக வரப்போகிறவர் வீடியோ அழைப்பில் தன் திரையில் ஒப்பந்தத்தைக் காட்டிவிட்டு, "ஒரு நிமிஷம் டீச்சர், யாரோ பெல் அடிக்கிறாங்க" என்று எழுந்து போயிருக்கிறார். திரையைப் பகிர்வதை நிறுத்த மறந்துவிட்டார். பிள்ளைகள் செய்தால் அவள் தலையில் அடித்துக்கொள்ளும் தவறு. ஒப்பந்தத்துக்குப் பக்கத்தில் அவருடைய பட்டியல் ஒன்று திறந்தே கிடக்கிறது. 'கெமிஸ்ட்ரி மேடம்: வீடியோ வந்தாச்சு, ஆளைக் கழட்டி விட்டாச்சு. பிசிக்ஸ் சார்: வீடியோ வந்தாச்சு, ஆளைக் கழட்டி விட்டாச்சு. கணக்கு டீச்சர்: வீடியோ வந்தாச்சு.' நேற்றுத்தான் இரண்டு வருடப் பாட வீடியோக்களையும் நம்பி அவருக்கு அனுப்பினாள். கடைசி வரியை மறுபடி படிக்கிறாள். மடிக்கணினியில் அவருடைய செருப்புச் சத்தம் நெருங்குகிறது. "என்ன டீச்சர், முகம் வெளுத்திருக்கு?" "வெயில் சார்" என்று சிரிக்கிறாள். அவர் பார்வை அவளை விட்டு அந்தப் பட்டியலுக்கு மெல்ல நகர்கிறது.