கோபுரத்திலிருந்து பெண் பார்த்தல்

"கோட்டைய பாக்குற மாரி நில்லுங்கடா. எவனாவது கீழ பாத்தீங்க, தொலைச்சிடுவேன்."

தங்கை மகன்கள் இருவரையும் இப்படி எச்சரித்துவிட்டு, தனசேகரன் கீழே பார்த்தார்.

செஞ்சியில் புதிதாகத் திறந்திருந்த பூங்காவின் நடுவில் நின்றது அந்தக் காட்சிக் கோபுரம். ஏறினால் கோட்டை தெரியும் என்று பலகை வைத்திருந்தார்கள். ஏறாவிட்டாலும் தெரியும். ஊரில் எந்தச் சந்தில் நின்று அண்ணாந்து கொட்டாவி விட்டாலும் எதிரே ராஜகிரி மலைதான் நிற்கும். அதைச் சொல்லப் பலகையில் இடமில்லை போலிருக்கிறது.

தனசேகரன் கோட்டைக்காக வரவில்லை. பெண் பார்க்க வந்திருந்தார். திண்டிவனத்தில் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். பெண் வீட்டுக்குப் போய் சொஜ்ஜி, பஜ்ஜி தின்றுவிட்டு, பிறகு பிடிக்கவில்லை என்று சொல்லி அனுப்பினால் அந்தப் பெண்ணின் மனசு என்ன பாடுபடும்? ஆகவே அவளுக்கே தெரியாமல் உயரத்திலிருந்து பார்த்துவிடுவது என்று பெருந்தன்மையாக முடிவு செய்திருந்தார். தனியாக நின்று பெண்களைப் பார்த்தால் உதை விழும் என்பதால் பிள்ளைகள் துணை.

பெண் பெயர் மீனம்பாள். அவலூர்பேட்டையில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவோடு பூங்காவுக்கு வருவாள் என்று தங்கை வசந்தா துப்புக் கொடுத்திருந்தாள். வசந்தாவிடம் எந்த ரகசியமும் ஒரு நாளைக்கு மேல் தங்கியதில்லை என்பதை மட்டும் தனசேகரன் மறந்துவிட்டார். இந்த இடமும் தட்டிப்போனால் அப்புறம் ஜாதகத்தை வெளியே எடுக்கவே மாட்டேன் என்று அம்மா வேறு சொல்லிவிட்டார். தனசேகரனுக்கு வயது முப்பத்து நாலு. பெருந்தன்மையோடு பெருந்தன்மையாக, வரும் வழியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் நேர்ந்துவிட்டு வந்திருந்தார்.

கோபுரத்தின் மேல் ஏற்கெனவே ஒரு சிறுமி நின்றிருந்தாள். இரட்டைச் சடை, கையில் வேர்க்கடலைப் பொட்டலம். பையன்களுக்குக் கடலை கொடுத்து, தன் பெயர் ஆண்டாள் என்று சொல்லி, நிமிஷத்தில் சிநேகமாகிவிட்டாள். பிறகு அவரிடம் வந்தாள்.

"சார், அந்த மலையில பாறைங்கல்லாம் ஏன் லாரியில கொண்ணாந்து கொட்டுன மாரி இருக்குது?"

கேள்வி என்றால் தனசேகரனுக்கு உயிர். கேட்பவர் முடிப்பதற்குள் பதில் தயாராகிவிடும். ராஜா யானைகளை விட்டு அடுக்கச் சொன்னார் என்றார். எந்த ராஜா என்று அவள் கேட்டாள். பெரிய ராஜா என்றார்.

அவ்வளவு உயரத்தில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்றாள். காற்றழுத்தம் என்றார். கோட்டைக்குள் இருக்கிற கல்யாண மகாலில் யாருக்குக் கல்யாணம் நடந்தது என்றாள். ராஜாவின் மகள்கள் அத்தனை பேருக்கும், ஒரே முகூர்த்தத்தில் என்றார். குரங்குகள் ராத்திரியில் எங்கே தூங்கும் என்றாள். தூங்காது, காவல் காக்கும், அந்தக் காலத்துப் பழக்கம் இன்னும் விடவில்லை என்றார்.

"ராஜாவுக்கு அவசரமா வந்தா எங்க போவாரு?"

தனசேகரன் ஒரு விநாடி திணறினார். ஒரே ஒரு விநாடி.

"அதுக்கெல்லாம் ராஜா போவ மாட்டாரு பாப்பா. மந்திரி போவாரு."

பெரிய பையன் வாயைப் பிளந்தான். "நெஜமாவா மாமா?"

"கவர்மெண்ட் புஸ்தகத்துலியே போட்டிருக்குது."

அப்போதுதான் நாவல்பழ நிறப் புடவையில், போட்டோவில் பார்த்த அதே முகத்தோடு மீனம்பாள் வந்தாள். அம்மாவோடு வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். தனசேகரன் முகத்தைக் கோட்டைக்கும் கண்ணைப் பெஞ்சுக்குமாகப் பங்கிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். லட்சணமாக இருந்தாள். முக்கியமாக, ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எவ்வளவு அடக்கம் என்று நெஞ்சு நிறைந்தது.

ஆண்டாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கோட்டை மேலேர்ந்து பாத்தா இந்த டவர் எப்படி சார் தெரியும்?"

"பிரமாதமா தெரியும்" என்றார், அந்தக் கோட்டையில் இதுநாள் வரை ஏறியே இராத தனசேகரன்.

அவள் தலையாட்டிவிட்டுத் தடதடவென்று படியிறங்கி ஓடினாள்.

"டேய், கீழ பாருங்கடா இப்ப" என்றார் பையன்களிடம். "நாவப்பழக் கலரு புடவை தெரியுதா? இனிமே அவங்கள அத்தைன்னு கூப்புடணும்."

சம்மதத்தை இன்றே சொல்லி அனுப்பிவிடலாம். அதற்கு முன் ஒரு தடவை அந்தப் பக்கமாக நடந்து போனால், பாவம், அவளும் தன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். பையன்களைக் கையில் பிடித்தபடி வேப்பமரத்துக்குப் பின்புறமாக வந்தவர், பெஞ்சிலிருந்து வந்த குரலைக் கேட்டு நின்றார்.

"நீ சொல்லிக்குடுத்த கேள்வி அத்தினியும் கேட்டுட்டேன் சித்தி" என்று மீனம்பாளின் தோளில் சாய்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள் ஆண்டாள்.

"ஒண்ணுத்துக்காவது தெரியாதுன்னு சொன்னாரா?"

"ஒண்ணுத்துக்குமே சொல்லல."

மீனம்பாள் பெருமூச்சு விட்டு எழுந்தாள். "இந்தச் சம்மந்தம் வேணாம்னு நைனாகிட்ட சொல்லிடும்மா."