கடைசியில் சொன்ன பெயர்

"இது என் குரல் இல்ல அண்ணே!"

நவமணி போட்ட சத்தத்தில் தெருவில் போன ரிக்சாக்காரன்கூட வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

முகம்மது கௌஸின் கடைக்குள் நிற்க இடமில்லை. அத்தரும் சுவர்க்கடிகாரமும் விற்றுக்கொண்டிருந்த மனிதர், இப்போது கிராமபோன் தட்டும் விற்கிறார். ஈப்போக்காரப் பெண் பாடிய தட்டு கப்பலில் வந்து இறங்கிவிட்டது என்று காலையிலிருந்தே கடைத்தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

நவமணியும் இருப்பதில் நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

கிராமபோன் குழாயிலிருந்து வருவது அவள் எழுதிய பாட்டு. அவள் போட்ட மெட்டு. பாடுகிறவள் மட்டும் வேறு யாரோ.

கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மூக்கு, கேட்டால் வயதானவள் என்று தோன்றும் ஒரு குரல்.

தட்டுக் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான். வேறு எவளையோ பாட வைத்து, தட்டில் இவள் பெயரை ஒட்டி அனுப்பிவிட்டான். பாவி! இந்தத் தட்டை நம்பித்தானே நாடகக் கம்பெனியை விட்டு வந்தாள்? அங்கே இவள் கட்டிய வள்ளி வேஷத்தை இன்னொருத்தி கட்டி ஆடிக்கொண்டிருக்கிறாள். இனி எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

கொஞ்சப் பாடா பட்டாள்? மேடையில் ராத்திரி பூராவும் இழுக்கக்கூடிய பாட்டை, தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்படி சரணம் சரணமாக வெட்டினாள். சிங்கப்பூரில் காற்றே வராத ஓர் அறையில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தகரக் குழாய்க்குள் முகத்தை நுழைத்துப் பாடினாள். குரல் மேலே போகும்போது பின்னால் நகர வேண்டும். மறந்தபோதெல்லாம் வெள்ளைக்காரன் தோளைப் பிடித்து இழுத்தான்.

பாடியதைப் போட்டுக் காட்டச் சொன்னாள். மெழுகில் பதிந்ததை ஒரு தடவை ஓட்டினாலும் கெட்டுப்போகும் என்று பொட்டலம் கட்டிக் கப்பலேற்றிவிட்டார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"நீதான்லா அக்கா. நீ பாடுனா எங்க காதுக்கு இப்படித்தான் கேக்கும்," என்றான் பத்துமலை. அவளுக்கு மிருதங்கம் வாசித்தவன். ஒரே ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், அடுத்த வீட்டில் வளர்ந்தவன்.

கூட்டமும் ஆமாம் ஆமாம் என்றது. நவமணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற குரலை இவர்கள் வந்து அடையாளம் காட்ட வேண்டுமா?

கௌஸ் அசரவில்லை. "கடைசில பேரு வரும்மா. அதக் கேட்டுட்டு அப்புறம் சண்ட போடு."

அது நியாயம்தான். பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். எங்கோ கடல் கடந்து உட்கார்ந்து பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவனுக்கு, இது யார் பாட்டு என்று எப்படித் தெரியும்?

பாட்டில் தடுமாறாதவள் அன்று அந்த ஒரு சொல்லில்தான் தடுமாறினாள். மேடையில் எத்தனையோ பெயர் சொன்ன வாய்க்குச் சொந்தப் பெயர் வரவில்லை. இத்தனை வருஷமாக வீட்டில் யாராவது கூப்பிட்டிருந்தால்தானே பழக்கம் இருக்கும்?

அவள் நாடகத்தில் சேர்ந்த அன்று, இனி உன் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன் என்று அம்மா வீரம்மா சத்தியம் செய்தாள். செய்தபடியே இருந்தாள். ஊராரிடம் 'அந்தக் கூத்தாடி' என்பாள். கடைசிக் காய்ச்சலில் நவமணிதான் பக்கத்தில் இருந்து பார்த்தாள். தண்ணீர் கேட்கும்போதுகூட 'ஏய்' என்றுதான் கூப்பிட்டாள். அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

முனகாதே, உரக்கச் சொல் என்று வெள்ளைக்காரன் சைகை காட்டினான். நவமணி கண்ணை மூடிக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி ஒரே கத்தாகக் கத்திவிட்டு வந்தாள்.

இப்போது பாட்டு முடிந்தது. ஊசி சும்மா உரசிக்கொண்டு ஓடியது.

"நவமணி!"

பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பத்துமலை பதறி எழுந்து நின்றான். சின்ன வயதில் அந்தக் குரல் கேட்டாலே மரத்துக்குப் பின்னால் ஓடி ஒளிந்தவன் அவன்.

அம்மாவின் குரல். வீரம்மா ஒரு நாளும் பாடியதில்லை. அதனால் பாட்டில் பிடிபடவில்லை. ஆனால் இந்தக் கூப்பாடு எப்படித் தெரியாமல் போகும்? அந்தக் காலத்தில் ரப்பர்பால் வாளியை இறக்கிவைத்துவிட்டு, இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு, தோட்டமே திரும்பிப் பார்க்கக் கூப்பிடுகிற கூப்பாடு.

"இப்ப என்னம்மா சொல்ற? ஒன் பேருதானே?" என்றார் கௌஸ், ஜெயித்துவிட்ட முகத்தோடு.

தன் பெயர்தான் என்று நவமணி தலையாட்டினாள்.

"பாட்டு வேணாம் அண்ணே. அந்தக் கடைசிய மட்டும் இன்னொரு தடவ வைங்க."

கௌஸ் ஒன்றும் புரியாமல் ஊசியைத் தூக்கி, தட்டின் உள்விளிம்பில் வைத்தார். குழாய் மறுபடியும் கூப்பிட்டது.

"வாரேன்மா," என்றாள் நவமணி.