பழகுவதற்கு ஒரு நெஞ்சு

“இண்டைக்கும் ஒருக்கா வைச்சுப் பார் பிள்ளை.”

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கிவிட்டு வந்த அருமைநாதன் மேற்சட்டையைக் கழற்றினார். வெளிப்படிக்கட்டில் நின்று நின்று ஏறிவந்த மனுசனுக்குத் தேத்தண்ணி குடிக்கக்கூட அலுப்பாக இருந்தது.

மகள் றொஷினி ஸ்டெதஸ்கோப்பை மேசையில் எறிந்தாள். நோயாளியின் நெஞ்சைக் கேட்டுச் சொல்லும் மருத்துவப் பரீட்சையில் போன தடவை கோட்டை விட்டிருந்தாள். இதய வால்வு கசியும் மெல்லிய சத்தம் அவள் காதில் விழவே இல்லை. நாளைக்கு மறுபரீட்சை, அதிலும் தவறினால் படிப்பு அவ்வளவுதான்.

“வேண்டாமப்பா. உங்கட நெஞ்சில ஒண்டுமே இல்லை. ஒரு மாசமாக் கேட்டு என்ன பிரயோசனம்? நான் படிப்பை விடப்போறன்.”

“நல்ல நெஞ்சைக் கேட்டுப் பழகினாத்தானே பழுது பிடிபடும்? இதைக் கண்டுபிடிச்ச பிரெஞ்சு டொக்டர் விட்டவரே?”

“லாயெனெக்கோ? அவருக்கென்ன! ஒரு பொம்பிளையின்ர நெஞ்சில காது வைக்க வெக்கப்பட்டு, கடதாசியைச் சுருட்டி வைச்சுக் கேட்டவர். அதில பேர் வந்திட்டுது.”

சலிப்போடு சொன்னாலும் அவரைப் பற்றிப் பேச அவளுக்குப் பிடிக்கும்.

“கடைசியில அவருக்கே சயரோகம். சொந்தக்காரப் பெடியனைக் கூப்பிட்டு, அந்தக் குழாயைத் தன்ர நெஞ்சில வைச்சு, கேக்கிறதைச் சொல்லு எண்டவர்.”

“பெடியன் சொன்னவனோ?”

“ஓம். ஒளிக்காமச் சொன்னவன்.”

“நல்ல பெடியன்,” என்றார் அருமைநாதன்.

குசினியிலிருந்து தாய் சிசிலி சத்தம் போட்டாள். “களைச்சு விழுந்து வந்த மனுசனைச் சாப்பிட விடு பிள்ளை!”

வழக்கமாக அவர் சோபாவில் படுத்துக்கொள்வார். இன்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “படுத்தா நித்திரையாப் போவன். இப்பிடியே கேள்.” முன்னே குனிந்து, மூச்சை முழுக்க வெளியே விட்டு அடக்கிக்கொண்டார்.

றொஷினி வேண்டா வெறுப்பாகத்தான் வைத்தாள். லப்... டப்... அதற்குப் பின்னால், யாரோ மெல்ல ஊதினது போல ஓர் இழுவை. அவளுக்கு நம்ப முடியவில்லை. திரும்ப வைத்துக் கேட்டாள். திரும்பவும் அதே சத்தம்.

அவள் முகம் வெளிறிப்போனது. பரீட்சையாவது மண்ணாங்கட்டியாவது என்று இருந்தது. லாயெனெக்கின் சொந்தக்காரப் பையனுக்கு எப்படித்தான் வாய் வந்ததோ!

“அப்பா... உங்கட வால்வு கசியுது. உடன டொக்டரிட்டப் போகோணும்.” சொல்லிவிட்டு அழுதே விட்டாள்.

அருமைநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் தலையைத் தடவினார். ஒரு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அவர் முகத்தில் களைப்புக் குறைந்திருந்தது.

“அப்பாடா, கேட்டிட்டுது! டொக்டரும் இப்பிடிக் குனியவைச்சுத்தான் கேட்டவர். நீ கேக்கட்டுமெண்டு தள்ளிப்போட்ட ஒப்பரேசனுக்கு இனி ஓமெண்டு சொல்லலாம்.”