நூற்றுப் பதினேழாம் இலக்கம்

“நூத்திப் பதினேழு, இருக்கிறீங்களா?”

மடிக்கணினியைப் பார்த்துக் கேட்டான் விரிவுரையாளர் அர்ஷாத். திரையில் நாற்பத்திரண்டு கறுப்புக் கட்டங்கள். முகமும் இல்லை, பெயரும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு வராமல் வீட்டிலிருந்தே படிக்கும் வெளிவாரி மாணவர்களின் பதிவிலக்கம் மட்டும். பெயர்களெல்லாம் பரீட்சைப் பிரிவின் அலுமாரியில். கல்முனையில், மனைவி வீட்டு முன்னறையில் இருந்தபடி, சனிக்கிழமைதோறும் அவன் பொருளியல் படிப்பிப்பது இந்தக் கட்டங்களுக்குத்தான்.

‘ஓம் சேர்’ என்று எழுத்தில் பதில் வந்தது. அர்ஷாத்துக்கு மூச்சு வந்தது.

மனைவி சுல்பிகா குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்தாள். “மத்தியானத்துக்கு மீன் மட்டும் காணுமா எண்டு உம்மா கேக்கச் சொன்னா.”

“காணும். இப்ப துறைத் தலைவர் வகுப்புக்குள்ள வாறார். ஒரு ஆளாவது வாய் திறந்து கதைக்காட்டி, அடுத்த மாசத்தில இருந்து என்ட பழைய வீடியோதானாம் படிப்பிக்கும்.”

“அதில நீங்க மெலிவுதானே. பிள்ளைகள் சந்தோசப்படுவாங்க.”

“பகிடியை விடுங்க. கேள்வி கேக்கிறது நூத்திப் பதினேழு மட்டும்தான். அதுவும் எழுத்தில. இண்டைக்கு மைக்கைப் போடச் சொல்லப்போறன்.”

சுல்பிகாவின் முகம் மாறியது. “வாணாம். சில ஆக்களுக்கு உங்களோட கதைக்க வெட்கமா இருக்கும்.”

“என்னோடயா? நான் என்ன மாப்பிள்ளையா?”

அவள் அவசரமாகக் குசினிக்குள் போனாள்.

துறைத் தலைவர் பூபாலசிங்கம் சிரித்துக்கொண்டே திரையில் தோன்றினார். “தம்பி, ஆக்கள் இருக்காங்களா? இல்லாட்டி போனை வெச்சிட்டு வயலுக்குப் போயிட்டாங்களா?”

“வாய்ப்புச் செலவு எண்டா என்ன? உதாரணத்தோட சொல்லுங்க,” என்றான் அர்ஷாத்.

நூற்றுப் பதினேழின் கட்டத்தில் மட்டும் எழுத்தில் பதில் வரத் தொடங்கியது.

“எழுத்து வாணாம், தம்பி. எனக்கு ஒரு குரல் கேக்கோணும்.”

“நூத்திப் பதினேழு, இந்த வகுப்பே உங்கட கையிலதான். மைக்கைப் போடுங்க.”

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

“ஒண்டைத் தெரிவுசெய்யக்குள்ள கையை விட்டுப் போற மற்றது, சேர். இண்டைக்கு என்ட தங்கச்சிட மகள்ற கலியாணம். போகாம இங்க இருக்கன். எனக்கு வாய்ப்புச் செலவு அந்தப் புரியாணிதான்.”

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். “புரியாணியையே விட்டுட்டு வந்திருக்கிறாவே. நீங்களே படிப்பியுங்க, தம்பி. வீடியோ வாணாம்.”

அர்ஷாத் நன்றிகூடச் சொல்லவில்லை; குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். மடிக்கணினியில் கேட்ட ஒவ்வொரு சொல்லும் அரை நொடி முன்னால் அங்கிருந்துதான் வந்தது: கலியாணம் முடித்து ஏழு வருடமாக, மருமகன் முன்னால் வந்து ஒரு வார்த்தை கதைத்திராத மாமியின் குரலில்.