நாற்பத்திரண்டாவது மரம்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய தோப்பில் நாற்பத்தொரு மரங்களின்மேல் வெள்ளைப் பெயின்ட்டால் எண் எழுதப்பட்டது. அந்த நாற்பத்தொன்றும் இன்று இல்லை. என் புகார் அவற்றை வெட்டியவர்கள்மீது இல்லை, எண்களை எழுதியவர்மீது.

அன்று காலை அங்கே நடந்தது, மரங்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்க ஓர் அமைப்பு ஏற்பாடு செய்த நடை. துண்டறிக்கையில் மூன்று சந்திப்பிழைகள் இருந்தன. பொறுத்துக்கொண்டு போனோம், பதினெட்டுப் பேர். பெரும்பாலோர் என்னைப்போல் ஓய்வுபெற்றவர்கள்.

வழிகாட்டியாக வந்தவர் கிருபா என்னும் இளம்பெண். அவர் கற்றுக்கொடுத்ததில் ஒரு பிழையும் இல்லை.

உசில் இலையைக் கசக்கி ஆளுக்குக் கொஞ்சம் முகரக் கொடுத்தார். பாலையின் இலைக்காம்பை ஒடித்துப் பால் கசிவதைக் காட்டினார். வீரைக்கு மட்டும் இலை பார்க்க வேண்டியதே இல்லை என்றார். அதன் அடிமரம் மேடும் பள்ளமுமாக, முறுக்கிப் பிழிந்த துணியைப்போல இருக்கும்.

ஒன்பது மணிக்குள் எல்லோரும் தேறிவிட்டோம். இத்தனை ஆண்டுகள் வெறுமனே மரம் என்று கடந்துபோன ஒன்றைப் பெயர் சொல்லி அழைக்க முடிந்த மகிழ்ச்சி எனக்கு இருந்தது. அதை மறுக்கமாட்டேன்.

அதன் பிறகுதான் கிருபா பையிலிருந்து பெயின்ட் டப்பாவையும் தூரிகையையும் எடுத்தார். கணக்கெடுப்புக்காக ஒவ்வொரு மரத்துக்கும் எண் இட வேண்டுமாம். கையெழுத்து அழகாக உள்ளவர் யார் என்று கேட்டார்.

ஒருவர் முன்வந்தார்.

அழகாகவே எழுதினார். எல்லா எண்களும் நெஞ்சுயரத்தில், ஒரே அளவில், சாலையிலிருந்து பார்த்தாலும் படிக்கும்படி இருந்தன. ஒன்று சற்றுக் கோணலாக விழுந்தபோது துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதினார்.

தோப்பின் கடைசி மரம் ஒரு முதிய வீரை. அதற்கப்பால் உப்புப் பாத்திகள். கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை நிழல் தரும் ஒரு செடிகூட அங்கே இல்லை. விடியுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாரும் பெண்கள், வெயில் ஏறியதும் கரையேறி இந்தத் தோப்பில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

அவர்களில் ஒருவரான ராசம்மாள் அந்த வீரையின் பள்ளத்தில் முதுகைப் பொருத்தி, உப்புநீரில் வெடித்த கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாரியம்மாள் தூக்குவாளியைத் திறந்தபடியே, “மரத்துக்கெல்லாம் ஆதார் கார்டு குடுக்கறாங்கடி” என்றார். பெண்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

ராசம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

“நம்பரு எதுக்குங்க?”

மரங்களைப் பாதுகாக்கத்தான் என்று எண் எழுதியவர் விடை சொன்னார். அப்படி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால், கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

எழுந்து சற்றுத் தள்ளி உட்காரும்படி ராசம்மாளிடம் சொன்னார். நாலு மணிக்கு இறங்கினது, கால் எரியுது, சோறு தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று ராசம்மாள் சொல்லிவிட்டார். இரண்டாம் முறை குரலை உயர்த்திச் சொன்னபோதும் அசையவில்லை. படிப்பில்லாதவர்களிடம் பேசிப் பயனில்லை என்று முணுமுணுத்துவிட்டு, எண் எழுதியவர் தூரிகையைத் துடைத்தார்.

ஒரு மரம் விடுபட்டது. பட்டியல் நாற்பத்தொன்றோடு முடிந்தது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை. உப்பு லாரிகள் திரும்புவதற்கு இடம் வேண்டும் என்று தோப்பை வெட்டினார்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு எந்த மரத்தின் பெயரும் தெரியாது. தெரிய வேண்டியிருக்கவும் இல்லை. எண் இருந்ததை அறுத்தார்கள்; எண் இல்லாததைத் தொடவில்லை. தனக்கும் கணக்கெடுப்பு என்று மட்டுமே சொல்லப்பட்டது என்று கிருபா தொலைபேசியில் அழுதார். அழட்டும். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. தரையில் அடிக்கட்டைகள் மட்டும் இருந்தன. எது பாலை, எது உசில் என்று அவற்றின் பட்டையைப் பார்த்தே என்னால் சொல்ல முடிந்தது. நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருந்தேன்.

கடைசி வீரை நின்றது.

அதன் ஒற்றை நிழலுக்குள் பன்னிரண்டு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கால்களை நீட்ட ஒருவருக்கும் இடம் இல்லை. வெயிலில் நின்ற என்னை எல்லோரும் பார்த்தார்கள். ராசம்மாள் சற்று நகர்ந்து, பக்கத்தில் ஒரு கையகலம் இடம் விட்டார்.

“உக்காருங்க சார். இதுல உங்க நம்பரு இல்ல.”

முப்பத்துநான்கு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் பழகிய கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். உட்காரவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை, பெருமுக்கல் மலையடிவாரத்தில் அதே அமைப்பு அடுத்த நடையை அறிவித்திருக்கிறது. துண்டறிக்கையில் இம்முறை ஒரு பிழையும் இல்லை.

இதைப் படிக்கும் நீங்கள் அங்கே வர வேண்டும். மரத்தின் பெயர் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. ஆளுக்கு ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். கையெழுத்து அழகாக உள்ள ஒரு பெரியவர் தூரிகையோடு வந்து, பாதுகாக்கத்தான் என்று சொல்வார். எழுந்திருக்காதீர்கள்.