நான் சொல்ற வரைக்கும்

வயிற்றுப்பிள்ளையின் மூளை சரியாக வளர்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இரண்டு முறையும் பிள்ளை புரண்டதில் படம் கலங்கிப்போனது. அதற்கும் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது டெக்னீஷியன்தான்.

மூன்றாவது முறை அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு, “நான் சொல்ற வரைக்கும் ஆடாம இரு கண்ணு,” என்றாள்.

படம் பளிச்சென்று வந்தது. மூளையில் ஒரு குறையுமில்லை. அதைத் தாயிடம் சொல்லப் பொத்தானை அழுத்தியபோதுதான், மைக் இதுவரை அணைந்தே கிடந்தது தெரிந்தது.

“அக்கா, பிள்ளை அசையவே மாட்டேங்குது. எப்பவும் அப்பன மாதிரி ஒரு நிமிஷம்கூட சும்மா இருக்காது.” உள்ளேயிருந்து வந்த குரல் நடுங்கியது.

டெக்னீஷியன் மைக்கை மறுபடி அணைத்தாள். “போதும் கண்ணு,” என்று வாய்க்குள்ளேயே முனகினாள்.

“அப்பாடா, உதைச்சிடுச்சுக்கா,” என்று தாய் சிரிப்பது ஸ்பீக்கரில் கேட்டது.

அவளை வெளியே அனுப்பும்வரை டெக்னீஷியன் வாயே திறக்கவில்லை.