நாலு மணிக் குரல்

“இதுக்குள்ள ஒரு ஆவி இருக்கு தம்பி. அதைத் துரத்தி விட்டீங்கன்னா போதும்.”

மடிக்கணினியை மேசைமேல் வைத்துவிட்டு, கொதிக்கிற பாத்திரத்தை இறக்கி வைத்தவர் போல அந்த அம்மாள் கையை உதறிக்கொண்டார். நூலக மாடியில் நடக்கும் இலவச மென்பொருள் முகாமுக்கு வைரஸ் பிடித்த கணினி வந்திருக்கிறது, காபி குடித்த கணினியும் வந்திருக்கிறது. ஆவி பிடித்த கணினி வருவது இதுதான் முதல் தடவை.

எதிரே இருந்த தொண்டருக்கு முகாமில் ‘பேக்கப் அண்ணன்’ என்று பேர். பழைய கணினியில் இருப்பதையெல்லாம் அழித்துத் துடைத்து, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸை ஏற்றிக்கொள்ளக் கற்றுத் தருவது அங்கே எல்லோருக்கும் வேலை. ஆனால் “பேக்கப் எடுத்தாச்சா?” என்று நகலைப் பற்றி மூன்று முறை கேட்டு உயிரை வாங்குவது இவர் ஒருவர்தான்.

“ஆவி என்னம்மா பண்ணுது?” சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

“தினமும் நாலு மணிக்குப் பேசுது. நான் கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆனப்புறம் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிறது இதுலதான். பாடத்து நடுவுல கூப்பிடுது. பக்கத்து வீட்டுப் பொண்ணு ரெண்டு தடவை நிறுத்திப் பார்த்தா. மறுநாள் வேற எங்கிருந்தோ வருது. வீடே ரணகளமாயிடுது தம்பி. சத்தத்தை மூடி வச்சிருக்கேன், திறந்துடாதீங்க.”

பேக்கப் அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தேடினார். ஆவி ஐந்து நிமிடத்தில் அகப்பட்டது. யாரோ ஒரே ஒலிப்பதிவை நான்கு இடத்தில் அலாரமாக வைத்திருந்தார்கள். அதைத் தட்டினார்.

“குருவி, மணி நாலாச்சு. மாத்திரை போட்டியா?”

ஆண்குரல். கொஞ்சலும் சிரிப்புமாக இருந்தது. எதிரே இருந்த டீச்சரின் ஆகிருதிக்கும் குருவிக்கும் எந்த ஜென்மத்திலும் சம்பந்தமில்லை. ஆனாலும் பேக்கப் அண்ணனுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

“யாரு டீச்சர் இது?”

“வீட்டுக்காரர்.” டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். “பிரஷர் மாத்திரையை நான் மறந்துடுவேன். ஞாபகப்படுத்த அவர் மறந்துடுவாராம். அதான் முன்கூட்டியே பதிஞ்சு வச்சாரு. அவர் என்னை இப்படிக் கூப்பிட்டு ரெண்டு வருஷமாச்சு.”

பேக்கப் அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். அம்மா இறந்த மறு மாதம், அவசரப்பட்டுத் தன் கணினியைத் துடைத்தவர் அவர். அம்மாவின் குரல் இருந்த ஒரே பதிவும் அதோடு போயிற்று. இன்றைக்கும் சமையலறைப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால் “என்னம்மா?” என்று வாய் தானாகக் கேட்டுவிடும். பதில் வராது.

“பேக்கப் எடுத்தாச்சா டீச்சர்?”

“பாடமெல்லாம் பென் டிரைவ்ல இருக்கு.”

“இந்தக் குரலுக்கு பேக்கப்?”

“வேண்டாம்.”

“நல்லா யோசிச்சுக்கோங்க. துடைச்சா திரும்பி வராது. இதுக்கு பேக்கப் எடுத்துடட்டுமா?”

“வரக் கூடாதுன்னுதானே தம்பி வந்திருக்கேன்?” டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணிக்குள்ள முடிஞ்சிடுமா?”

டீச்சரோடு ஒரு பெரியவரும் வந்திருந்தார். டீச்சரின் அண்ணனாக இருக்கும் என்று பேக்கப் அண்ணன் நினைத்துக்கொண்டார். பெரியவர் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, கதவோரம் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். டீச்சர் எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அந்த இடைவெளியில் பேக்கப் அண்ணன் குரலைத் தன் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார். சொந்தக்காரர் சம்மதிக்காமல் எடுப்பது முகாமில் பெரிய தப்பு. ஆனால் துக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் ‘வேண்டாம்’ எவ்வளவு நாள் நிற்கும்? தனக்கு அன்றைக்கு யாராவது இப்படிச் செய்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

துடைக்கும் பொத்தானைக் கணினிக்குச் சொந்தக்காரர்தான் அழுத்த வேண்டும், அது முகாம் வழக்கம். டீச்சர் விரலை வைத்தார். கண்ணை மூடினார். உதடு ஏதோ சொன்னது. அழுத்தினார்.

மூன்றரை மணிக்குப் புதுத் திரை பளிச்சென்று வந்தது. டீச்சரின் முகத்தில் முதல் முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது.

கடைசி வேலை சத்தப் பரிசோதனை. கணினியை ஹால் ஸ்பீக்கரில் மாட்டி எதையாவது ஓட விடுவார்கள், சுற்றி இருப்பவர்கள் கை தட்டுவார்கள். பேக்கப் அண்ணன் பென் டிரைவைச் செருகினார். டீச்சர் அழுவார், அப்புறம் தன் கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தார். சத்தத்தை முழுதாகத் திறந்தார்.

“குருவி, மணி நாலாச்சு. மாத்திரை போட்டியா?”

டீச்சர் அழவில்லை. பாய்ந்து வந்து இரண்டு கையாலும் ஸ்பீக்கரை மூடப் பார்த்தார்.

“ஐயோ, நிறுத்துங்க தம்பி! நிறுத்துங்க!”

கதவோரம் நாற்காலி விழுந்தது. பெரியவர் கைத்தடியை ஓங்கிக்கொண்டு நின்றார். முதல் முறையாக வாயைத் திறந்தார். ஸ்பீக்கரில் இப்போதுதான் கேட்ட அதே குரல்.

“எவன்டா அவன்? தினமும் என் பொண்டாட்டியைக் குருவின்னு கூப்பிடுறவன் எவன்?”